கார்டன்டன் மரக் கோயிலைப் படம் பிடிக்க ஓர் இலையுதிர்காலக் கார்ப் பயணம்: முழுமையான வழிகாட்டி

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், அமெரிக்க எல்லைக்குக் கொஞ்சம் வடக்கே, கார்டன்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வினிபெக் நகரிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். உக்ரைனிலிருந்து வந்த குடியேறிகள் 1897க்கும் 1899க்கும் இடையே மரங்களை வெட்டி, அடுக்கி, அங்கே ஒரு கோயில் கட்டினார்கள். தூய மிக்கேல் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் என்று பெயர். கனடாவில் உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் மக்கள் எழுப்பிய முதல் கோயில் இதுதான். இன்று இது தேசிய வரலாற்றுச் சின்னம்.

நான் முதன்முறை அங்கே போனது ஒரு செப்டம்பர் காலையில். இருட்டிலேயே கிளம்பி, விடியும்போது வாசலில் நின்றேன். முகப்பு முழுக்க நிழல். கோயிலுக்குப் பின்னால் சூரியன் எழும்பி, லென்ஸுக்கு நேராகக் கண்ணைக் கூச வைத்தது. ஒரு படமும் உருப்படியாக வரவில்லை. கேமராவில் குறை ஒன்றும் இல்லை. கோயில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று யோசிக்காமல் போனதுதான் தவறு. அதற்குப் பிறகு பலமுறை போய்விட்டேன். அதில் கற்றதை, போகிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில், கட்டியவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் படித்துவிட்டுப் போனால் படம் மாறும். எனக்கு மாறியது.

1896இல் ஸ்டூவர்ட்பர்ன் என்ற இடத்தைச் சுற்றி உக்ரைனியர்கள் குடியேறத் தொடங்கினார்கள். மனிடோபாவில் அவர்களுடைய முதல் குடியிருப்பு அது. கார்டன்டன் பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் புக்கோவினா பகுதிக்காரர்கள். அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. கனடா அரசு பதிவுக் கட்டணமாக 10 டாலர் வாங்கிக்கொண்டு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதில் சில ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம்.

மேற்கே ரெட் ஆற்றுச் சமவெளியில் கருப்பு மண் கொழித்துக் கிடக்கும்போது, இவர்களுக்குக் கிடைத்தது கல்லும் சதுப்பும் புதரும் நிறைந்த பூமி. ஆனால் அங்கே மரம் இருந்தது. சொந்த ஊரில் காடெல்லாம் நிலப்பிரபுக்களின் கையில் இருந்ததால், விறகுக்குக்கூடத் தவித்த மக்கள் இவர்கள். மரம் உள்ள நிலத்தை இவர்களே விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். அந்த மரம்தான் வீடாயிற்று, தொழுவமாயிற்று, வந்து ஓரிரு ஆண்டுக்குள் கோயிலும் ஆயிற்று. தங்களுக்கே சரியான வீடு இல்லாத நேரத்தில் கட்டிய கோயில் இது.

புக்கோவினாவின் மரக் கோயில்களுக்கு ஒரு வீட்டுச் சாயல் உண்டு. அகலமான கூரை, கீழே இறங்கி நிற்கும் இறவாரம், அடக்கமான உயரம். மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனிக் கட்டடமாக நிற்கும். கார்டன்டனிலும் அப்படித்தான். மணிக்கூண்டு வேறு, கோயில் வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அமைப்பே இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வெளியில்தான் இருக்கிறது.

2. திசையைப் படியுங்கள்

ஆர்த்தடாக்ஸ் போன்ற கிழக்கத்திய கிறிஸ்தவ மரபுக் கோயில்களில் பலிபீடம் கிழக்கே இருக்கும், வாசல் மேற்கே இருக்கும். வழிபடுகிறவர்கள் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். படம் எடுக்கிறவருக்கு இதில் ஒரு முழு நாள் திட்டமே அடங்கியிருக்கிறது: மாலை வெயில் முகப்பில் விழும், காலை வெயில் கோயிலின் பின்புறத்தில், பலிபீடம் உள்ள பக்கத்தில் விழும், நடுப்பகலில் தெற்குச் சுவர் ஒளிரும், வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழல்.

எல்லாக் கோயிலும் அச்சுப் பிசகாமல் கிழக்கு மேற்காக நிற்காது. கிளம்பும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் கூரையின் நீளவாக்கைப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. சூரியன் எந்த நாளில் எங்கே மறையும் என்று காட்டும் செயலி ஒன்றும் போனில் இருக்கட்டும்.

3. தேதி

என் கணக்கில் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 10 வரை. இந்த மூன்று வாரத்துக்குள் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி, பெருங்காற்று ஒன்றில் மொத்தமாகக் கொட்டியும் விடும். சில ஆண்டுகளில் அந்த மஞ்சள் பத்து நாள்கூட நிற்பதில்லை. கிழக்கு கனடாவின் மேப்பிள் சிவப்பை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே ஆஸ்பென் மஞ்சள், ஓக் மரத்தின் பழுப்பு, புல்லின் செம்பு நிறம், அவ்வளவுதான். பழைய மரச் சுவருக்கு அந்த நிறங்கள் போதும், பொருத்தமும் அவைதான். கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் வயல் மஞ்சளைப் படங்களில் பார்த்துவிட்டு அது வேண்டும் என்றால் ஜூலையில் வர வேண்டும்.

செப்டம்பர் 22 அல்லது 23, சம பகலிரவு நாள். அன்று சூரியன் சரியாக மேற்கில் மறையும், ஒளி முகப்பில் நேராக விழும். அதன்பின் மறையும் இடம் தெற்கே நகரும். அக்டோபர் 20 வாக்கில் சுமார் 15 டிகிரி தள்ளிப்போயிருக்கும். நேராக விழும் ஒளியைவிடச் சற்றே சாய்ந்து விழும் ஒளியையே நான் விரும்புவேன். முகப்பும் தெற்குச் சுவரும் சேர்ந்து ஒளிரும், பலகைகளின் விளிம்பும் ஆணித் தலையும்கூடத் தெரியும். அதனால் எனக்குப் பிடித்தது அக்டோபர் முதல் வாரம். அப்போது சூரியன் காலை ஏழரை மணி வாக்கில் உதித்து, மாலை ஏழு மணி வாக்கில் மறையும்.

இன்னொன்று. பௌர்ணமி இந்த நாட்களில் வந்தால் எப்படியாவது அன்று அங்கே இருங்கள். சூரியன் மேற்கே இறங்குகிற நேரத்தில் நிலா கிழக்கே எழும். மேற்கில் நின்று முகப்பைப் பார்த்தால், கடைசி வெயில் கோயிலின் மேல் விழுந்துகொண்டிருக்க, பின்னால் நிலா ஏறும். முகப்பு மேற்கிலும் பலிபீடம் கிழக்கிலும் இருப்பதால் கிடைக்கிற காட்சி இது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் இன்னும் நல்லது. நிலா கொஞ்சம் முன்பே எழுந்துவிடும், வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

4. கேட்டுவிட்டுப் போங்கள்

இந்தப் பக்கத்துப் பழைய கோயில்களைப் பலர் கைவிடப்பட்ட கட்டடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறுதோறும் பூசை நடக்காமல் இருக்கலாம், கதவு பூட்டியிருக்கலாம். ஆனால் அது யாரோ சிலருடைய கோயில். பக்கத்தில் இருப்பது அவர்களுடைய தாத்தா பாட்டியின் கல்லறைகள். சாவி பெரும்பாலும் ஊரில் ஒருவரிடம் இருக்கும். உள்ளே படம் எடுக்க வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே சபையைத் தொடர்புகொண்டு, எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் லென்ஸை ஒட்டவைத்து உள்ளே எடுப்பதை நான் செய்வதில்லை.

உள்ளே விட்டால் சில விஷயங்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். பிளாஷ் வேண்டாம். டிரைபாட் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள், கால்களுக்கு அடியில் துணி போடுங்கள். பலிபீடத்துக்கு முன்னால் திருவுருவப் படங்கள் பதித்த மரத்தடுப்பு ஒன்று நிற்கும். அதற்கு அப்பால் போகவே கூடாது. அது நம் கோயில் கருவறை மாதிரி. கூட வருபவர் வாயிலைத் திறந்து காட்டினாலும் வெளியே நின்றே பாருங்கள்.

டிரோன் வைத்திருப்பவர்களுக்கு: கனடாவில் 250 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள டிரோனைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, தெற்கே பறக்கவிட்டு விளையாட வேண்டாம். கல்லறைகளுக்கு மேலே அந்தச் சத்தத்தோடு பறக்கவிட எனக்கு மனம் வருவதில்லை.

5. பையில் என்ன

லென்ஸ் இரண்டு போதும். 24 முதல் 70 மி.மீ. வரை ஒன்று, 70 முதல் 200 வரை ஒன்று. நிறையப் பேர் மிக அகலமான லென்ஸோடு வருகிறார்கள். பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளிச் சமவெளியில் அது வானத்தைத்தான் பெரிதாக்கும், கோயில் தீப்பெட்டியாகிவிடும். தூரத்திலிருந்து 150 மி.மீ. வாக்கில் எடுத்துப் பாருங்கள். பின்னால் உள்ள ஆஸ்பென் வரிசை கோயிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

டிரைபாட், இரண்டு உபரி பேட்டரி (குளிரில் சீக்கிரம் இறங்கும், சட்டையின் உள்பையில் வையுங்கள்), தலையில் மாட்டும் டார்ச், தூசி துடைக்கத் துணி. போனில் மட்டும் எடுப்பவர்களும் ஒரு சிறிய டிரைபாட் கொண்டு வாருங்கள்.

உடை விஷயத்தில் அலட்சியம் கூடாது. பகலில் 15 டிகிரி இருக்கும், விடியலில் உறைநிலைக்குப் போகும். கையுறை, காதை மூடும் தொப்பி, நீர் புகாத காலணி. இலையுதிர்காலம் வேட்டைக் காலமும்கூட, ஆகவே புதர்ப் பக்கம் நடப்பதாக இருந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குளிர் வந்துவிட்டதே என்று உண்ணியை மறக்க வேண்டாம். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தப் பகுதியில் உண்டு, பனி விழும்வரை புல்லில் காத்திருக்கும். கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிவிட்டு, திரும்பியதும் உடம்பை முழுக்கப் பாருங்கள்.

6. சாலை

வினிபெக்கிலிருந்து 59ஆம் நெடுஞ்சாலையில் நேராகத் தெற்கே. செயின்ட் பியர் ஜோலி, செயின்ட் மாலோ என்ற பிரெஞ்சு ஊர்களைத் தாண்டி, டோல்ஸ்டாய் என்ற ஊர் வந்ததும் 209ஆம் சாலையில் கிழக்கே திரும்பினால் கார்டன்டன். நிற்காமல் போனால் ஒன்றேகால் மணி நேரம். நிற்காமல் போகாதீர்கள். பெட்ரோலையும் சாப்பாட்டையும் செயின்ட் மாலோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அதற்குத் தெற்கே ஒன்றும் நிச்சயம் இல்லை.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சரளைச் சாலைகள். இந்த நாட்டைச் சதுரம் சதுரமாக அளந்து, மைலுக்கு ஒன்றாகச் சாலை விட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், சுலபமாகக் குழம்பிவிடலாம். கோயில் ஊருக்குச் சற்று வெளியே இருப்பதால் இடத்தை வரைபடத்தில் குறித்து, இணையம் இல்லாமலும் பார்க்கும்படி வினிபெக்கிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கருகே போன் சில சமயம் அமெரிக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

சரளையில் 60, 70 கிலோமீட்டர் வேகமே அதிகம். எதிரே லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள், கல் தெறித்துக் கண்ணாடி உடையும். மழை பெய்த மறுநாள் மண் பாதைகளில் இறங்கவே வேண்டாம். ரெட் ஆற்றுப் பக்கத்துக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு காரை நகரவிடாது. ஒருமுறை நான் அப்படிச் சிக்கி, பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டார். அந்த மாலை வெளிச்சம் முழுவதும் போயிற்று.

அந்தி வேளையில் மான்கள் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

7. முதல் ஒரு மணி நேரம்

மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கோயிலைச் சுற்றி நடங்கள். கோயிலுக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில் வானம் எந்த இடத்தில் நின்றால் தெரிகிறது, எங்கே நின்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது என்று பாருங்கள். இரண்டடி நகர்ந்தால் படம் திறந்துகொள்ளும், இல்லையேல் அடைத்துக்கொள்ளும்.

கல்லறைத் தோட்டத்தில் பாதையோடு நடங்கள். குறுக்குக் கட்டை மூன்று உள்ள சிலுவைகளைப் பார்க்கலாம், அடிக்கட்டை சாய்ந்திருக்கும். பழைய கற்களில் உக்ரைனிய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்து இருக்கும். வெயிலிலும் பனியிலும் தேய்ந்த எழுத்தைப் படிக்கவோ படம் எடுக்கவோ, பக்கவாட்டு ஒளி வரும்வரை காத்திருங்கள். மாவு தடவுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது எல்லாம் கல்லைக் கெடுக்கும். வைத்திருக்கும் பூவை நகர்த்தாதீர்கள், கிளையை ஒடிக்காதீர்கள்.

ஒருமுறை ஓர் அம்மா கல்லறைகளைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்காமல் வணக்கம் சொன்னேன், பேச்சு வளர்ந்தது. தன் குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். அன்று அவரை எடுக்கவில்லை. ஆனால் அவர் காட்டிய கற்களின் வரிசையிலிருந்து கோயிலைப் பார்க்கும் கோணம் எனக்கு அதுவரை தோன்றாதது. இன்றுவரை அதுதான் என் நல்ல படம்.

8. மாலை

சூரியன் மறைய ஒன்றரை மணி இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். இந்த ஊர் ஏறக்குறைய 49 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். இங்கே சாய்வாக இறங்குகிறது. தங்க ஒளியும் நீண்டு நிற்கும், மறைந்த பிறகு நீல ஒளியும் அரை மணி நேரம் நிற்கும். பதற்றமில்லாமல் இடம் மாறி மாறி எடுக்கலாம்.

முதலில் தூரத்திலிருந்து, சாலையோரத்தில் நின்று, நீண்ட லென்ஸில். அடுத்தவர் வயலுக்குள் கேட்காமல் இறங்கக் கூடாது, அறுவடை முடிந்த வயலானாலும். அப்புறம் நெருங்கி வந்து, முகப்பும் தெற்குச் சுவரும் தெரியும் மூலையிலிருந்து. கேமராவை மேலே சாய்த்தால் சுவர்கள் பின்னுக்கு விழுவதுபோல் வரும். சாய்க்காமல் பின்னால் போய் எடுங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 அல்லது 11, டிரைபாட்டின் மேல். மாலை வெயில் படும் வெளிர் நிறச் சுவர் எளிதில் வெளுத்துப்போகும். கேமராத் திரையில் ஒளியின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாதபடி ஒளியைக் குறைத்து எடுத்தால், நிழல் பகுதிகளைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். போனில் எடுப்பவர்கள் சுவரைத் தொட்டு ஒளியைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் குறையுங்கள்.

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் அடிவானத்தை மேலே ஏற்றிப் புல்லுக்கு இடம் கொடுங்கள். மேகம் இருந்தால் அடிவானத்தைக் கீழே இறக்கி வானத்துக்கு இடம் கொடுங்கள். அறுவடைத் தூசி காற்றில் இருக்கும் நாட்களில் கடைசிப் பத்து நிமிடம் சுவர் செம்மண் நிறத்துக்கு வரும். அந்தப் பத்து நிமிடத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். வாத்துக் கூட்டங்கள் தெற்கே போகிற பருவம் இது. சத்தம் முதலில் கேட்கும், கோயிலுக்கு மேல் வர அரை நிமிடம் ஆகும்.

சூரியன் போனதும் எல்லாரும் காரில் ஏறிவிடுவார்கள். இருங்கள். நீல ஒளியில் குவிமாடத்தின் விளிம்பு மட்டும் தெளிந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

9. இரவு

வானம் தெளிவாக இருந்தால் வடக்கு வெளிச்சத்துக்கு வாய்ப்பு உண்டு. சம பகலிரவை ஒட்டிய வாரங்களில் பூமியின் காந்தப்புலமும் சூரியக் காற்றும் இசைந்து வருவதால் துருவ ஒளி கூடுதலாகத் தோன்றும். வடக்கே பார்க்க வேண்டும், ஆகவே கோயிலுக்குத் தெற்கே நில்லுங்கள். எஃப் 2.8, 10 முதல் 15 விநாடி, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. சுவரில் டார்ச் அடித்து ஒளியூட்டுவதைத் தவிர்ப்பேன். பக்கத்துப் பண்ணை வீட்டுக்காரர் பயந்துபோவார்.

தங்க கார்டன்டனில் இடம் தேடாதீர்கள். ஸ்டைன்பாக் நகரில் விடுதிகள் உண்டு, இல்லையேல் வினிபெக் திரும்புங்கள்.

10. மறுநாள் காலை

காலையில் முகப்பை எடுக்கப் போகாதீர்கள். கிழக்குப் பக்கம், பலிபீடத்தின் பின்சுவர் இப்போது ஒளியில் இருக்கும். யாரும் எடுக்காத பக்கம் அது. அல்லது மேற்கே நின்று, பின்னொளியில் குவிமாடத்தையும் மணிக்கூண்டையும் கருநிழலாக எடுங்கள். நான் முதல்முறை தோற்ற அதே இடம்தான். தெரிந்துகொண்டு போனால் அதே சூரியன் உதவும். உறைபனி படிந்த புல் இருந்தால் ஒளி பட்ட இருபது நிமிடத்தில் உருகிவிடும்.

அப்புறம் உயரப்புல் காப்பகம். டோல்ஸ்டாய், கார்டன்டன், ஸ்டூவர்ட்பர்ன் சுற்றுவட்டாரத்தில் பரவியிருக்கிறது, நடைபாதைகள் உண்டு. மனிடோபாவில் ஒரு காலத்தில் இருந்த உயரப்புல் பிரெய்ரியில் மிஞ்சியிருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலானதை உழுதுவிட்டார்கள். இங்கே கல் நிறைந்திருந்ததால் ஏர் முழுக்கப் படவில்லை. குடியேறிகளைப் பாடாய்ப் படுத்திய அதே கல் புல்லைக் காப்பாற்றியிருக்கிறது. பெருநீலத்தண்டுப் புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, இந்த மாதத்தில் செம்பும் ஊதாவுமாக நிற்கும். கோயில் கட்ட வந்தவர்கள் முதலில் பார்த்தது இந்தப் புல்லைத்தான். கோயில் படத்தோடு இதையும் சேர்த்து வையுங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். கனடாவில் வேறெங்கும் இல்லாத ஓர் ஆர்க்கிட் வகை இந்த மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

11. நேரம் இருந்தால்

வினிபெக்குக்கு வடகிழக்கே குக்ஸ் கிரீக் என்ற இடத்தில் அமல உற்பவ மாதா உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. பிலிப் ரூ என்ற பாதிரியார் வடிவமைத்தது. 1930இல் தொடங்கி 1952இல்தான் முடிந்தது. பிரமாண்டம். கார்டன்டனைப் பார்த்த அடுத்த நாள் இதைப் பாருங்கள். மரத்தில் தொடங்கிய சமூகம் இரண்டு தலைமுறைக்குள் எங்கே வந்து நின்றது என்பது இரண்டு படங்களில் தெரிந்துவிடும்.

12. வீட்டுக்கு வந்த பிறகு

சாய்ந்த சுவர்களை நிமிர்த்துங்கள், நிறத்தை அதிகம் ஏற்றாதீர்கள். மின்கம்பியை அழிக்கலாமா என்று கேட்பார்கள். நான் அழிப்பதில்லை, அது அங்கே இருக்கிறது. கல்லறைப் பெயர்கள் தெளிவாகத் தெரியும் படங்களை இணையத்தில் போடும் முன் சபையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, நல்ல படங்கள் நான்கைந்தை அச்சிட்டு, பின்பக்கம் தேதியும் எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்பதும் எழுதி, சாவி தந்தவருக்கு அனுப்புங்கள். கூரை ஓடு பெயர்ந்திருந்தாலோ சுவரில் ஈரம் ஏறியிருந்தாலோ அந்த இடத்தையும் நெருக்கமாக எடுத்து அதோடு வையுங்கள். அடுத்த கோடையில் ஏணி போடுகிறவர்களுக்கு அந்தப் படம்தான் முதலில் வேண்டியிருக்கும்.